அருளும் அளவும்

அன்பு என்னும் சொல்லையும் அருள் என்னும் சொல்லையும் நாம் பெரும்பாலும் ஒருபொருட் சொற்களாகவே வழங்கி வருகிறோம். ஆயின் திருவள்ளுவர் அவ்விரண்டையும் ஓரிடத்தில் வைக்கவில்லை. அன்புடைமையை இல்லறவியலில் 8 ஆம் அதிகாரமாக அமைத்தார். அருளுடைமையைத் துறவறவியலில் 25 ஆம் அதிகாரமாக அமைத்தார். தொடர்புடையாரிடத்துத் தோன்றுவது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர் வேறுபாடு காட்டுவர். மனைவி மக்களிடம் அன்பு செலுத்த எவரும் நமக்குக் கற்றுத்தர வேண்டுவதில்லை. வழியிற் கண்ட உயிரிடம் அருள் செலுத்தவோ பயிற்சி வேண்டும். இல்லறத்தில் அன்பு பழகியவனுக்கே அருள் பின்னர் வாய்க்கும் என்பது அவ்வைப்பு முறையின் கருத்துப் போலும்.

அங்ஙனமாயின், பிறந்த மண்ணை விட்டு வந்து, வாடகை வீட்டில் வாழ்ந்து, இல்லறத்தின் நடுவில் நிற்கும் நம்மனோர் இரக்கங்கொண்டு ஓர் உயிரை ஏற்கும்போது, நம் கடமை எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? இரக்கம் தோன்றிய அந்நொடியிலேயே அறம் நிறைவேறிவிடுகிறதா? இவ்வினாவை எங்கள் குடும்பத்தினர்க்கு எழுப்பியது நூல் அன்று. மெலிந்த ஒரு வெள்ளாடு. சரியாகச் சொன்னால், இரண்டு வெள்ளாடுகள்.

2011 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தில்லியில் யமுனைக்குக் கிழக்கே, பின்புறம் சிறு முற்றம் உடைய ஒரு தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். ஒருநாள் மாலை, பெருஞ்சாலை ஓரத்துச் சாக்கடையருகே கிடந்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்தனர். சந்தைக்குச் செல்லும் லாரியிலிருந்து விழுந்ததோ, நடக்கமாட்டாமல் விடப்பட்டதோ, அறியோம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். எழுந்து நிற்கவும் வலியில்லை. பார்த்த அளவில் நெஞ்சு உருகியது. வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்தோம். நெய்விட்ட சோறு, ரொட்டி, கோதுமைமாக் கஞ்சி, ஊறவைத்த கடலை அனைத்தையும் அது ஆவலோடு தின்றது. அது தின்னத் தின்ன எங்கள் உள்ளம் குளிர்ந்தது. பசித்த உயிருக்கு உணவிட்டோம் என்னும் நிறைவோடு அன்றிரவு உறங்கினோம்.

மறுநாள் அதன் வயிறு உப்பியது. அசைபோடுவது நின்றது. பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு ஒரு மூலையில் படுத்துவிட்டது. கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் அது இறந்துவிட்டது. உடலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் வினா, என்ன கொடுத்தீர்கள் என்பதே. சொன்னோம். பட்டினி இதைக் கொல்லவில்லை, நீங்கள் இட்ட விருந்துதான் கொன்றது என்று இந்தியில் மெல்லச் சொன்னார்.

பின்னர் அவர் விளக்கியதை இங்கு எழுதுதல் தகும். ஆட்டின் இரைப்பை நான்கு அறைகள் உடையது. அவற்றுள் பெரியதாகிய முதல் அறையில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. தழையையும் புல்லையும் செரிப்பவை அவையே. ஆட்டுக்கு உணவிடுவது என்பது உண்மையில் அந்நுண்ணுயிர்களுக்கு உணவிடுவதே ஆகும். தழைக்குப் பழகியவற்றின் நடுவே சோறும் மாவும் திடீரெனக் குவிந்தால், மாச்சத்து மிக விரைவாகப் புளித்து அமிலமாகிறது. அவ்வமிலம் நல்ல நுண்ணுயிர்களை அழிக்கிறது, உடலின் நீரை இரைப்பைக்குள் இழுத்துக்கொள்கிறது, குருதியிலும் கலக்கிறது. கொழுத்த ஆடே இதைத் தாங்காது. பலநாள் பட்டினி கிடந்த ஆடு எங்ஙனம் தாங்கும்?

மனிதர்க்கும் இவ்விதி உண்டு. 1945 ஏப்ரல் மாதத்தில் ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, மீட்க வந்த வீரர்கள் இரக்கத்தால் தங்கள் உணவையே எடுத்துக் கொடுத்தனர். அக்கொழுப்பு மிகுந்த உணவைத் தாங்கமாட்டாமல் இறந்தவர் பலர். நீண்ட பட்டினிக்குப் பின் உணவே நஞ்சாகக் கூடும் என்பதை மருத்துவ உலகம் இன்று நன்கு அறியும். கொடுத்த கைகளில் குற்றமில்லை. அக்கைகளுக்கு அளவு தெரியவில்லை.

அன்று எங்களை வருத்தியது ஆட்டின் சாவு மட்டும் அன்று. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வந்த அம்மையார் சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்தவர். இளமையில் ஆடு மேய்த்தவர் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியவந்தது. ஆட்டை நாங்கள் புதைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "காஞ்ச வயித்துக்குத் தழைதானேம்மா காட்டணும்? மொத நாளே பார்த்தேன். நீங்க படிச்சவங்க, தெரிஞ்சுதான் போடுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

அறிவைத் தேடி நாங்கள் மருத்துவருக்கு ஆளனுப்பினோம். அறிவோ எங்கள் வீட்டு முற்றத்திலேயே குழாயடியில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லத் துணியவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக நம் வீட்டுக்குள் வந்து போகும் ஒருவரிடம், உங்கள் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். தெருவில் கிடந்த ஆட்டைக் கண்ட எங்கள் கண்கள், வீட்டில் நின்ற மனிதரை முழுமையாகக் காணவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் நினைவுக்கு வருகிறான். குளிரால் நடுங்கியதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தவன் அவன். மயிலுக்குப் போர்வை உதவாது. அது போர்த்திக்கொள்ளவும் அறியாது. எனினும் பயன் நோக்காது ஈந்த அவன் உள்ளத்தைத் தமிழுலகம் போற்றியது. இத்தகைய ஈகைக்குக் கொடைமடம் என்று பெயரும் இட்டது. அதே புறநானூற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர் முதலிய புலவர்கள் பொன்னும் பொருளும் வேண்டாது, அவளுக்கு அருளுமாறு அவனிடம் இரந்து பாடினர். மயிலின் நடுக்கம் தெரிந்த மன்னனுக்கு மனையாளின் கண்ணீர் தெரியவில்லை. அப்பாடல்களை முன்பு பள்ளியில் படித்தபோது இது ஒரு செய்தியாகவே இருந்தது. அந்த ஆட்டைப் புதைத்த நாளன்று அது எங்களையே சுட்டியது.

கொடைமடம் பொன்னுக்கும் பொருளுக்கும் அழகாக இருக்கலாம். தேவைக்கு மேல் பொன் பெற்றவன் அதனால் இறந்துபோவதில்லை. உயிரைப் பேணுவதில் கொடைமடம் அழகு அன்று. அங்கே நாம் எவ்வளவு கொடுத்தோம் என்பது பொருட்டன்று. எதைக் கொடுத்தோம், எப்போது கொடுத்தோம், எப்போது கையை மடக்கினோம் என்பனவே பொருட்டு. பசித்த உயிர் நம்மை நோக்கிக் கத்தும்போது கொடாமல் பொறுத்திருப்பது, கொடுப்பதினும் கடினமான செயல். அதுவும் அருளின் ஒரு கூறே.

2013 சனவரியில் இரண்டாவது ஆடு வந்தது. இம்முறை அதைக் கண்டு வந்து சொன்னவர் அந்த அம்மையாரே. அவர் வாழ்ந்த குடிசைப் பகுதியில், சொந்த ஊருக்குத் திரும்பிய கட்டடத் தொழிலாளர் குடும்பம் ஒன்று விட்டுச் சென்ற பெட்டைக்குட்டி அது. பார்த்துக்கொள்வதாக ஏற்ற அண்டைவீட்டாருக்கோ தம் பிள்ளைகளுக்கே உணவு போதவில்லை. அவர்களிடம் நேரிற் சென்று கேட்டு, அவர்கள் மனமொப்பித் தந்த பின்னரே கொண்டுவந்தோம். ஏனெனில் மெலிந்த ஆடெல்லாம் கைவிடப்பட்ட ஆடு அன்று. ஆட்டை ஏழையின் பசு என்பர். ஒரு குடும்பத்தின் சேமிப்பே அந்த ஒற்றை ஆடாக இருக்கக்கூடும். மீட்கிறோம் என்று எண்ணி மற்றொருவர் வாழ்வைக் கவர்தல் அருள் ஆகாது. உரியவரைத் தேடுவது முதற்கடமை. உரியவர் வறியவராயின், ஆட்டைப் பெறுவதினும் அவருக்குத் தீவனத்துக்கு உதவுவதே பல சமயங்களில் சிறந்த வழி.

வந்த அன்றே மருத்துவரிடம் காட்டினோம். பால்பற்கள் விழாமையால் வயது ஓராண்டுக்கு உட்பட்டது என்றார். எடை 11 கிலோ. அதன் இனத்துக்கும் வயதுக்கும் ஐந்தாறு கிலோ குறைவு. மயிர் அடர்ந்த ஆட்டின் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, கையால் முதுகெலும்பையும் மார்பெலும்பையும் தடவிப் பார்த்தே அறிய வேண்டும் என்று காட்டித் தந்தார். கீழ்இமையைத் தாழ்த்திப் பார்த்தார். செந்நிறமாக இருக்கவேண்டிய உட்புறம் வெளுத்திருந்தது. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும் புழுக்கள் ஆட்டுக்கு உண்டு. தீனி போதாமை மட்டுமன்றி அவையும் மெலிவுக்குக் காரணமாகும். புழுக்கையைச் சோதித்து, எடைக்கேற்பக் கணக்கிட்டு மருந்து தந்தார். நாமே கடையில் வாங்கி ஊற்றினால் குறைந்த அளவு புழுவைக் கொல்லாது. மிகுந்த அளவு ஆட்டையே கொல்லக்கூடும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் உரிய தடுப்பூசிகளை அது சற்றுத் தேறியபின் போடலாம் என்றார்.

தீனிப் பொறுப்பை அம்மையார் ஏற்றார். முதல் வாரம் தானியம் ஒரு பிடிகூட இல்லை. காய்ந்த புல், அரசிலை, முசுக்கொட்டைத் தழை, வெதுவெதுப்பான நீர், நக்குவதற்குத் தாதுஉப்புக் கட்டி இவ்வளவே. குளிர்காலத்தில் தில்லியில் எங்கும் கிடைக்கும் பர்சீம் என்னும் பசுந்தீவனத்தைக்கூட, ஈரத்தோடு நிறையத் தின்றால் வயிறு உப்பும் என்று வாடவைத்துச் சிறிது சிறிதாகவே கொடுத்தார். இரண்டாம் வாரத்தில் ஒரு கைப்பிடித் தவிடு. பின் உடைத்த மக்காச்சோளம் சிறிது. சாலை நடுவில் வரிசையாகப் பூத்துநிற்கும் அரளியின் பக்கம் அதை விடவேண்டா என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அரளியின் சில இலைகளே ஆட்டைக் கொல்லப் போதும். வாரந்தோறும் எடை பார்த்தோம். ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் ஏறி, பின் தனியே ஏறி, இரண்டையும் கழித்துக் கணக்கிட்டுச் சுவரில் எழுதினான் இளைய மகன். முதல் வாரத்தில் எடை சிறிதும் கூடவில்லை. கொஞ்சம் சோறு வைத்தால் என்ன என்று எல்லார் மனமும் தவித்தது. ஒருவரும் வைக்கவில்லை. மூன்று மாதத்தில் அது 17 கிலோ ஆயிற்று.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. சனவரி மாதத்துத் தில்லிக் குளிரில் ஆடுகளுக்குப் பழைய கம்பளிச் சட்டையையும் கோணிப்பையையும் போர்த்தியிருப்பதை நாம் தெருவெங்கும் காணலாம். கொழுப்பற்ற மெலிந்த உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. தின்ற தீனியெல்லாம் உடலைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடும். எனவே மகளின் பழைய கம்பளிச்சட்டை ஒன்று ஆட்டுக்கு ஆயிற்று. மயிலுக்கு உதவாத போர்வை மெலிந்த ஆட்டுக்கு மருந்து. செயல் ஒன்றே, உயிரின் இயல்பை அறிந்து செய்ததா, அறியாது செய்ததா என்பதே வேறுபாடு.

இனி, எங்கள்மேல் தொடுக்கப்பட்ட வினாக்களுக்கு வருவோம். சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார்: "ஞாயிறுதோறும் ஆட்டிறைச்சி உண்ணும் வீட்டில் ஓர் ஆட்டுக்கு இத்தனை உபசாரமா?" இவ்வினாவுக்கு எங்களிடம் முழு விடை இல்லை. எங்கள் மூத்த மகள் அதன்பின் ஊன் உண்பதை விட்டுவிட்டாள், மற்றவர் விடவில்லை. முரண்பாடு உடைய அருள் பொய்யான அருள் என்று நாம் கருதவில்லை. அது வளராத அருள். முரணை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே அது வளர்வதற்கு வழி.

மற்றொருவர், இறைச்சிக் கடையிலேயே ஆடுகளை விலைக்கு வாங்கி விடுவிக்கலாமே என்றார். அது எளிதாகத் தோன்றும். ஆயின் நாம் கொடுக்கும் பணம் மறுநாள் வேறோர் ஆட்டை அக்கடைக்கு வரவழைக்கும். விடுவித்த ஆட்டைப் பேண இடமில்லையேல் அதுவும் தெருவில் மெலியும். 2019 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 14 கோடியே 88 இலட்சம் வெள்ளாடுகள் உள்ளன. அனைத்தையும் நாம் காக்க இயலாது என்பது உண்மையே. அதனால் கையில் வந்த ஒன்றைக் காக்கும் கடமை இல்லாமற் போவதில்லை. பசித்த மக்கள் இருக்க ஆட்டுக்கு இடுவதா என்பாரும் உளர். 1867 இல் வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார் மக்களின் பசியைத் தணித்தார். எல்லா உயிர்க்கும் இரங்கினார். ஒன்று மற்றொன்றைத் தடுக்கும் என்று அவர் கருதவில்லை. ஆட்டுக்குச் செலவிடாத பணத்தை ஏழைக்குக் கொடுத்துவிட்டவர் இவ்வினாவைக் கேட்பாராயின் தலைவணங்கிக் கேட்டுக்கொள்வோம்.

கடமை எங்கே தொடங்குகிறது என்னும் வினாவுக்கு நம் நாட்டுச் சட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 1952 இல் மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணிதேவி அருண்டேல் விலங்குகள்மீதான கொடுமையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960 இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1962 இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தாராமை அச்சட்டப்படி குற்றம். தக்க காரணமின்றிப் பட்டினியால் துன்புறுமாறு கைவிடுவதும் குற்றம். வழியில் கிடந்த ஆட்டைக் கண்டும் காணாமற் போனவனை இவ்விதிகள் தண்டிப்பதில்லை. ஏற்றுக்கொண்டு பின் கைவிட்டவனையே தண்டிக்கின்றன. இது நீதியா என்று முதலில் வியந்தோம். எண்ணிப் பார்க்கையில் ஆழ்ந்த உண்மை புலனாயிற்று. உயிர்களிடத்து இரக்கம் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு 1976 முதல் கூறிவருகிறது. அது எல்லார்க்கும் பொது. ஏற்றுக்கொள்ளுதலோ ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்பி அவ்வுயிர் வேறு வழிகளையெல்லாம் இழந்துவிடுகிறது. எனவே இரக்கம் தோன்றும்போது கடமை தொடங்குகிறது. ஏற்றுக்கொள்ளும்போது அது கடனாகிறது.

அக்கடன் சிறியது அன்று. வெள்ளாடு நன்கு பேணினால் 12 ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடியது. நம்மில் பலர்க்கோ மூன்றாண்டுக்கு ஒருமுறை பணிமாற்றம். வீட்டுக்காரர் சம்மதம், நகராட்சி விதி, அண்டைவீட்டார் பொறுமை ஆகிய மூன்றும் வேண்டும். ஆடு கூட்டமாக வாழும் உயிர். தனித்த ஆடு ஏங்கும். எங்கள் ஆட்டை ஒரு மாதம் தனியே வைத்து நோயில்லை என்று தெரிந்தபின், குடிசைப் பகுதி மூதாட்டி ஒருவரின் மூன்று ஆடுகளோடு பகலில் மேய விட்டோம். அவர்க்கு மாதந்தோறும் ஒரு தொகை தந்தோம்.

2016 இல் எங்களுக்கும் மாற்றல் ஆணை வந்தது. அந்த மூதாட்டியையே வைத்துக்கொள்ளும்படி கேட்டோம். "வைத்துக்கொள்கிறேன், ஆனால் பேத்தி கல்யாணம் வந்தால் விற்றுவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். அவரது நேர்மை எங்களை நாணச் செய்தது. அவர் ஆட்டால் வாழ்பவர். நாங்கள் ஆட்டை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள். எங்கள் வாக்குறுதியை அவர் தலையில் ஏற்றுவது முறையன்று. இரண்டு மாதம் அலைந்து, நகருக்கு வெளியே ஆடுகளை இறுதிவரை வைத்துக் காக்கும் ஒரு காப்பகத்தை நேரிற் கண்டு, அங்கே ஒப்படைத்தோம். அதன் செலவுக்கு உரியதை மாதந்தோறும் அனுப்பி வந்தோம். 2024 இல் அது முதுமையால் இறந்தது என்று செய்தி வந்த பின்னும் சில மாதங்கள் அனுப்பினோம். முதல் ஆட்டின் கணக்கு அப்படியே இருந்ததல்லவா?

மணிமேகலையில் ஆபுத்திரன், வேள்விக்கென்று கட்டியிருந்த பசுவை இரவில் மீட்டுச் சென்றான். அதனால் அடிபட்டான், ஊரையும் இழந்தான். ஆனால் அவன் கதை அந்த இரவோடு முடியவில்லை. மதுரைக்குச் சென்று, பிச்சை ஏற்றுக் குருடர்க்கும் முடவர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதை உண்டு, நாள்தோறும் அவ்வறத்தையே செய்தான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பின்னரே. மீட்ட இரவு ஒன்று. ஊட்டிய நாள்கள் பல.

காப்பகத்தில் விட்ட அன்று எங்கள் ஆடு அங்கிருந்த ஆடுகளை மோந்து பார்த்துவிட்டு அவற்றோடு நடந்து போயிற்று. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் அழுதனர். உடன் வந்திருந்த ஆத்தூர் அம்மையார், "தழை தின்னப் போகுது; அதுக்குப் போய் அழுவாங்களா?" என்று கடிந்துகொண்டார். தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.